வீனியல்: பொறுக்கத்தக்க பிழையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் – முழுமையான வழிகாட்டி

வீனியல் என்ற ஆங்கிலப் பெயரடை அன்றாடப் பேச்சில் காதில் விழாது. கத்தோலிக்க மறைக்கல்வி நூல்கள், வரித் தண்டம் பற்றிய தீர்ப்புகள், வெளிநாட்டுப் பட்டமேற்படிப்பு அனுமதிக்காக எழுதும் ஜி.ஆர்.ஈ. பரீட்சைக்கான சொற்பட்டியல்கள் என்று பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் எதிர்ப்படும். ஆகவே கொழும்பில் இதைத் தேடி வருபவர்களையும் ஊகிக்கலாம்: கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பக்கம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுப்பவர்கள், புதுக்கடையில் ஆங்கிலத் தீர்ப்புகளோடு மல்லுக்கட்டும் இளம் சட்டத்தரணிகள், பட்டமேற்படிப்புக்காக வெளிநாடு போகத் தயாராகும் பட்டதாரிகள். ஒழுக்காற்று விசாரணை அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதவேண்டிய நிர்வாக உத்தியோகத்தர்களையும் இவர்களோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அகராதியைப் புரட்டினால் ‘மன்னிக்கத்தக்க’ என்று ஒரே சொல்லில் விஷயம் முடிந்துவிடும். அது சரியான பொருள்தான். ஆனால் அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினால் மூன்று இடங்களில் சறுக்கும். பிழைக்குச் சொல்லவேண்டியதை ஆளுக்குச் சொல்லிவிடுவோம். ஓர் எழுத்து விடுபட்டு, வாக்கியம் லஞ்சக் குற்றச்சாட்டாக மாறிவிடும். மூன்றாவது சறுக்கல்தான் பெரியது: தான் செய்த பிழையைத் தானே வீனியல் என்று எழுதிவிடுவது. இந்தச் சொல் ஒரு தீர்ப்பு. பிழையை எடைபோடும் உரிமை உள்ளவர் வாயிலிருந்து வரவேண்டியது. இந்த ஒன்று பிடிபட்டால் மற்ற விதிகளெல்லாம் தாமாகவே விளங்கும்.

முதற்படி: ஒலியும் எழுத்தும்

உச்சரிப்பு மூன்று அசை: வீ–னி–அல். அழுத்தம் முதல் அசையில். ‘வீ’ நெடிலாக ஒலிக்கவேண்டும். ‘வெனியல்’ என்று குறுக்கினால் கேட்பவருக்கு எந்தச் சொல் என்றே தெரியாது. நம் வகரம் ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளுக்கு நடுவில் நிற்பதால் இன்னுமொரு கவனம் வேண்டும். இங்கே மேற்பல் கீழுதட்டைத் தொடவேண்டும். உதட்டைக் குவித்துச் சொன்னால் ‘வீக்’ என்ற பலவீனத்தின் தொடக்க ஒலி வந்துவிடும். மீனியல், ஜீனியல் என்ற இரண்டு சொற்களோடு சேர்த்து உரக்கச் சொல்லிப் பழகினால் நாக்கு வழிக்கு வரும். முன்னது கீழ்நிலை வேலையைக் குறிப்பது, பின்னது இனிமையான சுபாவத்தை. ஓசைப் பயிற்சிக்கு மட்டுமே இவை உதவும், பொருளில் எந்த உறவும் இல்லை.

எழுத்துகள் ஆறு: வி, ஈ, என், ஐ, ஏ, எல். நான்காவதாக வரும் அந்த ‘ஐ’ எழுத்தை இப்போதே அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதை விட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாம் படி: பொருளின் இரண்டு பாதிகள்

இலத்தீனில் ‘வேனியா’ என்றால் மன்னிப்பு, தயவு. அதிலிருந்து பிற்கால இலத்தீனின் ‘வேனியாலிஸ்’, அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம். 1300களிலேயே ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கிவிட்ட சொல் இது. அன்றிலிருந்து பெரும்பாலும் ‘பாவம்’ என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

பொருளில் இரண்டு பாதிகள் உண்டு. பிழை நடந்திருக்கிறது என்பது ஒன்று. அது பொறுக்கக்கூடியது என்பது மற்றது. இரண்டும் சேர்ந்தால்தான் வீனியல். காலி வீதியில் மழைவெள்ளம் நின்று பஸ் தாமதமானால் அந்தத் தாமதத்தை வீனியல் என்று சொல்லமுடியாது. அங்கே யாருடைய பிழையும் இல்லை. கடிதத்தில் திகதியை 12 என்பதற்குப் பதிலாக 21 என்று எழுதியவரின் கவனக்குறைவு வீனியல். பிழை உண்டு, மன்னிக்கவும் முடியும். கணக்கைத் தெரிந்தே மாற்றி எழுதியவருடைய செயலில் பிழை உண்டு, பொறுக்கமுடியாது. ஆகவே அதுவும் வீனியல் ஆகாது.

மாணவர்கள் பெரும்பாலும் முதற்பாதியை மறந்துவிடுகிறார்கள். வீனியல் என்றால் ‘பரவாயில்லை’, ‘ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்தச் சொல் யாரையும் குற்றமற்றவர் என்று விடுவிப்பதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதன் எடையை மட்டும் குறைத்துச் சொல்கிறது.

மூன்றாம் படி: திருச்சபையின் அளவுகோல்

சொல்லின் முழுக் கூர்மையும் இங்கேதான் இருக்கிறது. சமயத்தில் அக்கறை இல்லாதவர்களும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகவேண்டாம், ஏனென்றால் பின்னால் வரும் சட்டப் பயன்பாடும் இதே அளவுகோலைத்தான் அடியொற்றுகிறது.

கத்தோலிக்கப் போதனை பாவத்தை இரண்டாகப் பிரிக்கிறது. தமிழில் சாவான பாவம், அற்பப் பாவம். ஆங்கிலத்தில் முன்னது மோர்டல் சின், பின்னது வீனியல் சின். யோவானின் முதலாம் திருமுகம் 5ஆம் அதிகாரம் 16, 17ஆம் வசனங்கள் சாவுக்குரிய பாவம், சாவுக்குரியதல்லாத பாவம் என்று சொல்வது இந்தப் பகுப்புக்கு அடிப்படையாகக் காட்டப்படுகிறது.

1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட மறைக்கல்வி நூலின் 1857ஆம் பந்தி, சாவான பாவத்துக்கு மூன்று நிபந்தனைகளை வைக்கிறது: விஷயம் பாரதூரமானதாக இருக்கவேண்டும், செய்பவருக்கு முழு அறிவு இருக்கவேண்டும், முழுமனதோடு சம்மதித்துச் செய்திருக்கவேண்டும். மூன்றும் ஒருங்கே இருந்தால்தான் சாவான பாவம். 1862ஆம் பந்தி மறுபக்கத்தைச் சொல்கிறது. விஷயம் பாரதூரமற்றதாக இருந்தாலும் அற்பப் பாவம்தான். விஷயம் பாரதூரமானதாக இருந்து, அறிவோ சம்மதமோ முழுமையாக இல்லாமற் போனாலும் அற்பப் பாவம்தான்.

கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை வாசியுங்கள். வீனியல் என்பதற்குச் ‘சின்னது’ என்று மட்டும் பொருள் கொண்டால் இது பிடிபடாது. பெரிய விஷயத்தில் நடந்த பிழைகூட, தெரியாமலோ மனம் முழுதாக ஒப்பாமலோ நடந்திருந்தால் வீனியல் ஆகலாம். ஆகவே சொல் அளப்பது சேதத்தின் அளவை மட்டுமல்ல, செய்தவரின் மனநிலையையும்தான்.

மறைக்கல்வி வகுப்பில் வழக்கமாக எழும் ஒரு கேள்விக்கும் இங்கே விடை சொல்லிவிடலாம். அற்பப் பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்போது, சொல்லத்தான் வேண்டுமா? கண்டிப்பான கடமை இல்லை, ஆனாலும் சொல்வது நல்லது என்று 1458ஆம் பந்தி வலியுறுத்துகிறது. ஆகவே பிள்ளைகளுக்கு ‘அற்பம்’ என்ற சொல்லை விளக்கும்போது ‘கணக்கில் எடுக்கவேண்டியதில்லை’ என்று விளக்கினால் அது போதனைக்கே முரண்.

சீர்திருத்தத் திருச்சபைகள் பொதுவாக இந்தப் பகுப்பை ஏற்பதில்லை. மெதடிஸ்த, அங்கிலிக்கன் சூழலுக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது வீனியல் சின் என்பதைக் கத்தோலிக்கப் போதனையைக் குறிக்கும் இடத்தில் மட்டும் வையுங்கள். இஸ்லாமிய மரபிலும் சிறுபாவம், பெரும்பாவம் என்ற பகுப்பு உண்டு. ஆனால் அந்தத் துறையின் ஆங்கில எழுத்தில் மைனர் சின், மேஜர் சின் என்பவைதான் வழக்கு. சிறுபாவத்தை வீனியல் சின் என்று மொழிபெயர்த்தால் ஒரு சமயத்தின் கலைச்சொல் இன்னொரு சமயத்தின் மேல் ஏறிவிடும்.

நான்காம் படி: நீதிமன்றத்தில்

சட்ட எழுத்தில் இந்தச் சொல்லுக்கு உறுதியான இடம் பிடித்துக் கொடுத்தது 1969இல் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த ஹிந்துஸ்தான் ஸ்டீல் எதிர் ஒரிசா மாநிலம் தீர்ப்பு. விற்பனை வரிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யாமல் விட்டதற்காக நிறுவனத்தின் மீது தண்டம் விதிக்கப்பட்டிருந்தது. நீதிமன்றம் சொன்னதன் சாரம்: தண்டம் விதிப்பது ஏறக்குறையக் குற்றவியல் தன்மை கொண்ட நடவடிக்கை. வேண்டுமென்றே சட்டத்தை மீறியிருந்தாலோ, நேர்மையற்று நடந்திருந்தாலோ, கடமையைத் தெரிந்தே உதாசீனம் செய்திருந்தாலோ தவிர, சாதாரணமாகத் தண்டம் விதிக்கலாகாது. குறைந்தபட்சத் தண்டம் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தாலும்கூட, மீறல் வெறும் ‘டெக்னிக்கல் ஓர் வீனியல் பிரீச்’ ஆக இருந்தால், அல்லது தமக்குப் பொறுப்பில்லை என்ற நேர்மையான நம்பிக்கையால் ஏற்பட்டிருந்தால், அதிகாரி தண்டம் விதிக்காமல் விடுவது நியாயமே.

அந்த நான்கு சொல் தொடர் அதன்பிறகு இந்திய வரி வழக்குகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. புதுக்கடையில் இந்தியத் தீர்ப்புகளை மேற்கோள் காட்டுபவர்களுக்கும் பழக்கமான தொடர்தான். அதில் உள்ள டெக்னிக்கல், வீனியல் என்ற இரண்டு சொற்களும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். டெக்னிக்கல் என்பது நடைமுறை சார்ந்த மீறல்: படிவம் தவறியது, கையொப்பம் விடுபட்டது. வீனியல் என்பது பொறுக்கத்தக்க மீறல். ஒரு மீறல் இரண்டாகவும் இருக்கலாம், ஒன்றாக மட்டும் இருக்கலாம். தமிழில் சமர்ப்பணம் தயாரிக்கும்போது இரண்டையும் சேர்த்துச் ‘சிறு மீறல்’ என்று எழுதினால் வாதத்தின் பாதி போய்விடும். ‘நடைமுறை சார்ந்த அல்லது பொறுக்கத்தக்க மீறல்’ என்று இரண்டையும் தனித்தனியாக நிறுத்துங்கள்.

நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் (1883) வரும் ஒரு கோட்பாட்டோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. சாதாரண அறிவும் சுபாவமும் கொண்ட எவரும் முறையிடமாட்டார் என்னுமளவுக்குத் தீங்கு அற்பமாக இருந்தால் அது குற்றமே ஆகாது என்பது அந்தக் கோட்பாடு. அங்கே குற்றம் இல்லை. வீனியல் பிரீச் என்று சொல்லும்போதோ மீறல் நடந்துவிட்டது என்பது ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது, தண்டம் வேண்டுமா என்பதுதான் எஞ்சிய கேள்வி. கட்சிக்காரர் மீறவே இல்லை என்பது உங்கள் முதல் வாதமானால், வீனியல் என்ற சொல்லை அந்தப் பந்தியில் கொண்டுவரக்கூடாது. மாற்று வாதமாக, தனிப் பந்தியில் வையுங்கள்.

ஐந்தாம் படி: ஓர் எழுத்து விட்டால்

வீனியல் சொல்லிலிருந்து அந்த நான்காம் எழுத்தை எடுத்துவிட்டால் ‘வீனல்’ வரும். இரண்டே அசை. பொருள்: காசுக்கு விலைபோகும், லஞ்சத்துக்கு மசியும். இதன் வேர் விற்பனையைக் குறிக்கும் வேறொரு இலத்தீன் சொல். கொள்வனவுப் பிரிவில் தினமும் புழங்கும் ‘வென்டர்’, ரயில் நிலையத்து ‘வென்டிங் மெஷின்’ எல்லாம் அந்த வேரின் பிள்ளைகள். மன்னிப்பின் குடும்பமும் விற்பனையின் குடும்பமும் தற்செயலாகப் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

ஆபத்து என்னவென்றால் இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள். கணினியின் எழுத்துப்பிழை திருத்தி சிவப்புக் கோடு போடாது. ‘த ஒபிசர்ஸ் கொன்டக்ட் வாஸ் வீனியல்’ என்று எழுத நினைத்து ஓர் எழுத்தை விட்டால், உத்தியோகத்தரின் நடத்தை பொறுக்கத்தக்கது என்ற வாக்கியம், அவர் லஞ்சத்துக்கு விலைபோனவர் என்று ஆகிவிடும். விசாரணை அறிக்கையில் இப்படி நேர்ந்தால் அவதூறு என்ற பேச்சு வரை போகலாம். ஆகவே இந்தச் சொல் வரும் ஆவணத்தை அனுப்பும் முன் தேடல் வசதியில் வி, ஈ, என் என்ற முதல் மூன்று எழுத்துகளைப் போட்டு, வரும் ஒவ்வோர் இடத்தையும் கண்ணால் பாருங்கள்.

பிரித்தறிய ஓர் எளிய வழியும் உண்டு. வீனல் ஆளைப் பற்றிப் பேசும், ஆட்சியைப் பற்றியும் பேசும்: வீனல் பொலிடிஷன், வீனல் ஒபிஷல். வீனியல் செயலைப் பற்றி மட்டும் பேசும். பக்கத்தில் மனிதர் நின்றால் பெரும்பாலும் ‘ஐ’ இருக்காது.

ஆறாம் படி: வாக்கியத்தில் இருத்துவது

இந்தச் சொல்லுக்குத் துணை வரும் பெயர்ச்சொற்கள் கொஞ்சம்தான். சின், ஃபோல்ட், ஒபென்ஸ், எரர், லாப்ஸ், ஸ்லிப், பிரீச். இந்த ஏழுக்குள் நின்றால் பிழை வராது. ‘வீனியல் பர்சன்’, ‘வீனியல் பிராப்ளம்’, ‘வீனியல் எக்சிடென்ட்’ என்று எழுதக்கூடாது. மனிதர் மன்னிக்கப்படலாம், ஆனால் இந்தப் பெயரடை அவர் மேல் உட்காராது. பிரச்சினைக்கும் விபத்துக்கும் தம்மளவில் குற்றம் என்ற கருத்து இல்லை.

பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வரும், பின்னாலும் வரும். ‘எ வீனியல் எரர்’, ‘த எரர் வாஸ் வீனியல்’ இரண்டும் சரி. ஒப்பிடும்போது ‘மோர் வீனியல்’; வால் சேர்த்துச் சொல்லும் வடிவம் கிடையாது. ‘வீனியலி’ என்ற வினையடையும் ‘வீனியாலிட்டி’ என்ற பெயர்ச்சொல்லும் அகராதியில் உண்டு, ஆனால் மிக அரிது. அவற்றைத் தேடிப் போகாமல் வாக்கியத்தை மாற்றி எழுதுவதே நல்லது. எதிர்ப்பொருளுக்கு ‘அன்’ முன்னொட்டுப் போட்டு ஒரு சொல்லை உருவாக்கவேண்டாம். சமயத்தில் மோர்டல், பொது எழுத்தில் கிரேவ், இன்எக்ஸ்கியூசபிள், அன்பார்டனபிள் என்று தயாராகவே சொற்கள் உண்டு.

அண்டைச் சொற்களில் மிகவும் குழப்புவது டிரிவியல். அது முக்கியமற்றது என்று மட்டும் சொல்கிறது. பிழை இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு கேள்வி டிரிவியல் ஆகலாம், ஒரு தொகை டிரிவியல் ஆகலாம், வீனியல் ஆகாது. எக்ஸ்கியூசபிள் என்றால் காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் பிழையின் பாரத்தைக் குறைக்கிறது என்ற பொருள். வீனியல் காரணத்தைச் சொல்லவில்லை, பிழையின் தன்மையையே சொல்கிறது. பார்டனபிள் இரண்டுக்கும் நெருக்கம்; பரீட்சையில் வீனியலுக்கு ஜோடி தேடும்போது முதலில் பார்க்கவேண்டியது இதையே. ‘பெட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லில் அலட்சியத் தொனி இருக்கிறது. மைனர் எங்கும் செல்லும் பொதுச்சொல், சந்தேகம் வந்தால் அதை வைத்துவிடுங்கள். பேச்சில் வீனியல் என்று சொன்னால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களே ஒரு கணம் தயங்குவார்கள். மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் ‘ஸ்மோல் மிஸ்டேக்’ போதும்.

ஏழாம் படி: யார் யாருக்குச் சொல்வது

தொடக்கத்தில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். ‘ஐ ரிகிரெட் மை வீனியல் எரர்’ என்று மேலதிகாரிக்கு எழுதப்பட்ட மன்னிப்புக் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் படிப்பவர் காதில் அது ‘மன்னிக்கவேண்டிய அளவுதான் என் பிழை, அதை நானே முடிவுசெய்துவிட்டேன்’ என்று ஒலிக்கும். மன்னிப்பதா இல்லையா என்ற முடிவை மேலதிகாரியின் கையிலிருந்து பிடுங்கியது போலாகிவிடும். தினையளவு குற்றத்தையும் பனையளவாக எண்ணுவது பழிக்கு நாணுவோர் குணம் என்றே நம் மரபும் சொல்கிறது. செய்தவர் பெரிதாக எண்ணவேண்டும், பொறுப்பவர் சிறிதாகக் காணவேண்டும். ‘குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை’ என்பதும் பொறுப்பவருக்குச் சொன்ன வார்த்தைதான்.

ஆகவே சொல் பொருந்துவது மூவர் வாயில். பிழையால் பாதிக்கப்பட்டவர் சொல்லலாம். விசாரித்து முடிவெடுப்பவர் சொல்லலாம். செய்தவருக்காக வாதாடும் மூன்றாமவர், சட்டத்தரணியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ, சொல்லலாம். செய்தவர் தாமே எழுதும் கடிதத்தில் ‘மை மிஸ்டேக்’, ‘மை ஓவர்சைட்’ என்று அடைமொழி இல்லாமல் எழுதுவதுதான் மரியாதை.

விசாரணை அறிக்கையில் இந்தச் சொல்லை எழுதுமுன் எப்படி நிறுப்பது என்பதை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிலையம். களஞ்சியப் பொறுப்பாளர் 50 மூட்டைப் பருப்பு வந்ததற்குப் பதிவேட்டில் 5 என்று எழுதியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து இருப்புக் கணக்கெடுப்பில் 45 மூட்டை கூடுதலாக நிற்கிறது.

முதலில் கேட்கவேண்டியது, தெரிந்து செய்தாரா என்பது. பற்றுச்சீட்டின் நகல் கோப்பில் 50 என்றே கிடக்கிறது, அதை அவர் மறைக்கவில்லை. ஆகவே தெரிந்து செய்ததாகக் கொள்ள இடமில்லை. அடுத்தது, யாருக்காவது இலாபமோ நட்டமோ ஏற்பட்டதா. மூட்டைகள் களஞ்சியத்திலேயே இருந்தன, ஒன்றும் வெளியே போகவில்லை. மூன்றாவது, பிழை தெரிந்ததும் என்ன செய்தார். தானே முகாமையாளரிடம் சொல்லி, பழைய பதிவை அழிக்காமல் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியான எண்ணை எழுதிக் கையொப்பமும் திகதியும் இட்டிருந்தால் அது அவர் பக்கம் பேசும். திருத்தும் மையால் பூசி அழித்திருந்தால் எதிராகப் பேசும். கடைசியாக, இது முதல் தடவையா. மூன்று மாதத்தில் நான்காம் தடவை என்றால் ஒவ்வொன்றும் தனியே வீனியல் ஆனாலும் மொத்தத்தை அப்படிச் சொல்லமுடியாது. அறிக்கை எழுதுபவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான்.

நான்குக்கும் சாதகமான விடை கிடைத்தால் இப்படி எழுதலாம்: ‘த என்ட்ரி வாஸ் இன்கரெக்ட், பட் த லாப்ஸ் வாஸ் வீனியல்.’ வாக்கியத்தின் முற்பாதி பதிவு பிழை என்று உறுதிப்படுத்துகிறது, பிற்பாதி அதை நிறுக்கிறது. முற்பாதி இல்லாமல் பிற்பாதியை மட்டும் எழுதினால் அறிக்கை பிழையை மூடி மறைப்பதாகத் தோன்றும்.

அரச சேவையில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தாபனக் கோவையின் இரண்டாம் தொகுதி ஒழுக்காற்றுக் குற்றங்களை முதலாம் அட்டவணை, இரண்டாம் அட்டவணை என்று பிரித்திருக்கிறது, பாரதூரமானவை முதலாவதில். குற்றப்பத்திரத்திலும் முடிவுப் பந்தியிலும் அந்த அட்டவணைப் பெயரையே எழுதவேண்டும். வீனியல் என்பதற்கு அங்கே சட்ட வலு இல்லை. காரணங்களை விளக்கும் பந்தியில் மட்டும் வரலாம்.

தமிழில் எப்படிச் சொல்வது

கத்தோலிக்கச் சூழலில் ‘அற்பப் பாவம்’ நிலைபெற்ற வழக்கு, அதை மாற்றவேண்டாம். சட்டத்திலும் நிர்வாகத்திலும் ‘பொறுக்கத்தக்க’ என்பது ‘மன்னிக்கத்தக்க’ என்பதைவிட நன்றாக உட்காருகிறது. மன்னிப்பு என்று எழுதினால் சனாதிபதி பொதுமன்னிப்பு போன்ற சட்டப் பொருளும் உள்ளே வந்துவிடுகிறது. பிழை பொறுத்தல் என்பதோ காலங்காலமாகத் தமிழில் உள்ள தொடர். ‘சிறிய’ என்று மட்டும் எழுதுவது பெரிய விஷயத்தில் தெரியாமல் நடந்த பிழையை வெளியே தள்ளிவிடும் என்பதால் தவிர்க்கவேண்டியது. கதை, கட்டுரை போன்ற பொது எழுத்தில் ‘பெரிதுபடுத்தத் தேவையில்லாத பிழை’ என்று விரித்து எழுதினாலும் குறையில்லை.

பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு

ஜி.ஆர்.ஈ. பரீட்சையில் ஒரு வகை வினா உண்டு. வாக்கியத்தில் ஓர் இடைவெளி, கீழே ஆறு சொற்கள். ஒரே பொருளைத் தரும் இரண்டைத் தெரிவு செய்யவேண்டும்; ஒன்று மட்டும் சரியென்றால் புள்ளி கிடையாது. பின்னால் நடந்த மோசடியோடு ஒப்பிட்டால் அவருடைய முதல் சறுக்கல் ______ ஆகத் தோன்றியது என்று வாக்கியம் வருவதாக வைத்துக்கொள்வோம். சொற்கள்: வீனல், வீனியல், மீனியல், பார்டனபிள், கிரேவ், ஜீனியல்.

ஓசையைக் கொண்டு ஜோடி சேர்க்கப் போனால் வீனல், வீனியல், மீனியல், ஜீனியல் நான்கும் கையைப் பிடித்து இழுக்கும். சொற்களைப் பார்க்குமுன் வாக்கியத்தைப் பாருங்கள். ‘ஒப்பிட்டால்’ என்ற சொல் திசையைத் திருப்புகிறது: மோசடி பெரிது, ஆகவே சறுக்கல் சிறிதாகத் தெரியவேண்டும். ‘பொறுக்கக்கூடியது’ என்று தமிழிலேயே இடைவெளியை நிரப்பிக்கொண்டு பிறகு கீழே இறங்கினால் வீனியலும் பார்டனபிளும் மட்டுமே பொருந்தும்.

இன்னும் நான்கு வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் வீனியல் பொருந்துமா என்று சொல்லிப் பார்த்த பிறகு விடையை வாசியுங்கள்.

விருந்தாளியின் பெயரை அழைப்பிதழில் ஓர் எழுத்துப் பிழையோடு அச்சிட்டது. பொருந்தும்; பிழை உண்டு, தெரிந்து செய்ததல்ல, திருத்தவும் முடியும்.

ஆறு வயதுப் பிள்ளை ரயில் சீட்டைத் தொலைத்தது. இலக்கணப்படி எழுதலாம், ஆனால் நல்ல தெரிவு அல்ல. அந்த வயதில் குற்றம் என்ற பேச்சே பாரமாக இருக்கிறது. அண்டர்ஸ்டேண்டபிள் என்பது பொருத்தம்.

மருந்தாளர் அவசரத்தில் மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்து, நோயாளிக்கு ஆபத்தில்லாமல் போனது. பொருந்தாது. விளைவு நல்லபடி முடிந்தது அதிர்ஷ்டம். அளவைச் சரிபார்ப்பது அவருடைய தொழிற்கடமை, அவருக்கு அது நன்றாகவே தெரியும். எவருக்கும் தீங்கு நேரவில்லை என்பது மட்டும் ஒரு பிழையை வீனியல் ஆக்கிவிடாது.

வரித் திரட்டை உரிய நாளுக்கு ஒரு நாள் பிந்திச் சமர்ப்பித்தது, வரி முழுவதும் உரிய நாளிலேயே கட்டப்பட்டிருந்தது. நன்றாகப் பொருந்தும். சட்டத்தரணி எழுதும் முறையீட்டில் வரலாம். வரி செலுத்துபவர் தம் கையொப்பத்தோடு அனுப்பும் விளக்கக் கடிதத்தில் பிந்திய காரணத்தையும் பணம் கட்டிய திகதியையும் பற்றுச்சீட்டு இலக்கத்தையும் மட்டும் எழுதட்டும்.